புது டிஸ்க் வந்தது, பழைய டிரைவ் போனது
கம்ப்யூட்டர் கேள்வி - பதில்

கேள்வி: அண்ணே, வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டு இரண்டாங்கட்டில் என் கம்ப்யூட்டர் இருக்கிறது. சின்ன எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ், 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கில் டி, இ என்று இரண்டு டிரைவ். இடம் போதவில்லை என்று ஒரு எம்.2 எஸ்.எஸ்.டி. (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சின்னப் பட்டை மாதிரி டிஸ்க்) வாங்கி, வீடியோ பார்த்து நானே மாட்டினேன். ஆன் செய்தால் புதியதும் தெரியவில்லை, பழைய டி-யும் இ-யும் காணோம். சி மட்டும் இருக்கிறது. எங்கள் ஐயாவின் அப்பச்சி பர்மாவில் கடை நடத்திய காலத்துப் பேரேடுகளை ஸ்கேன் செய்து இ-யில் வைத்திருந்தேன். காகிதத்தில் பாதி செல்லரித்துவிட்டது, இனி எடுக்க முடியாது. கடையில் கேட்டால் "கொண்டு வாங்க, ஃபார்மேட் போட்டுடலாம்" என்கிறார்கள்.
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தம்பி, கடைக்குப் போக வேண்டாம், இப்போதைக்கு எதையும் ஃபார்மேட் செய்யவும் வேண்டாம். உங்கள் பேரேடு பெரும்பாலும் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, விண்டோஸுக்குத்தான் அங்கே போக வழி தெரியவில்லை.

உங்களுக்கு வந்திருப்பது இரண்டு பிரச்சினை. ஒரே நாளில் வந்ததால் ஒன்று போலத் தெரிகிறது. புதியது தெரியாததற்குக் காரணம் வேறு, பழையது மறைந்ததற்குக் காரணம் வேறு. பழையதை முதலில் பார்ப்போம், அதில்தான் சரக்கு இருக்கிறது.

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை, திறக்கும். மாட்டியிருக்கும் டிஸ்க்குகளின் பட்டியல் அங்கே இருக்கும். அதில் உங்கள் 1 டி.பி.யின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் விண்டோஸில் என்ன தேடினாலும் பிரயோஜனம் இல்லை, கோளாறு பெட்டிக்குள்ளே, வயரிலோ போர்டிலோ. இருக்கிறது என்றால் பாதி நிம்மதி.

உங்கள் விஷயத்தில் அங்கே இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பல மதர்போர்டுகளில் எம்.2 சிலாட்டும், ஹார்டு டிஸ்க்கின் கேபிள் மாட்டும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எம்.2-வில் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த சாட்டா போர்ட் செத்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. போர்டின் மேனுவலில் எந்த போர்ட் என்று ஒரு வரியில், பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மேனுவலைத் தொலைத்திருந்தால் போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணை வைத்து நெட்டில் இறக்கிக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க்கின் டேட்டா கேபிளை அங்கிருந்து பிடுங்கி வேறு சாட்டா போர்ட்டில் மாட்டினால், பத்தில் எட்டு முறை டி-யும் இ-யும் ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வந்து நிற்கும்.

வரவில்லையா, அப்படியானால் பவர் கேபிள். எம்.2 மாட்டக் கை உள்ளே போகும்போது முழங்கை இடித்துப் பவர் கேபிள் லேசாகக் கழன்றிருக்கும், பார்த்தால் மாட்டியபடியே தெரியும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுசாக அணையும். பிளக்கைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்சக் கரண்ட்டை வடியவிடுங்கள், அப்புறம் இரண்டு கேபிளையும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். மறுபடி ஆன் செய்து ஹார்டு டிஸ்க்கின் பக்கவாட்டில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். படுத்திருக்கும் பூனையைத் தொட்ட மாதிரி மெல்லிய அதிர்வு தெரிந்தால் பவர் போகிறது. கல் மாதிரிக் கிடந்தால் போகவில்லை.

இனி புதியது. அதுவும் பயாஸில் இல்லையென்றால் வாங்கிய பெட்டியைப் பாருங்கள். எம்.2-வில் சாட்டா வகை, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகை என்று இரண்டு உண்டு. என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கும் சிலாட்டில் சாட்டா வகையைப் போட்டால் திருகு கச்சிதமாகப் பிடிக்கும், போர்டு மட்டும் கண்டுகொள்ளாது. பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியவில்லை என்றால் கோளாறே இல்லை, புது டிஸ்க் அப்படித்தான் வரும். வீடு கட்டி முடித்தாயிற்று, வளவைச் சுற்றி எந்தப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) எந்த அறை என்று இன்னும் பிரிக்கவில்லை, அவ்வளவுதான். பிரித்துப் பெயர் வைப்பது உங்கள் வேலை.

விண்டோஸ் கீயையும் எக்ஸ்-ஐயும் சேர்த்து அமுக்கி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். திறந்ததும் 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று ஒரு பெட்டி தானாகக் குதிக்கும். இங்கேதான் கை நிற்க வேண்டும். அந்தப் பெட்டியில் எத்தனை டிஸ்க்குக்கு டிக் போட்டிருக்கிறது என்று பாருங்கள். புதியது ஒன்று மட்டும் என்றால் ஜி.பி.டி.யை (டிஸ்க்கின் அட்டவணையை எழுதும் புது முறை) தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கலாம். இரண்டு இருந்தால், ஒன்று உங்கள் பழைய டிஸ்க்காக இருக்கலாம், கேன்சல்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் தேவகோட்டையில் ஒரு வீட்டில் நான் இரண்டுக்கும் சேர்த்து ஓகே அமுக்கியிருக்கிறேன். மகளின் கல்யாணப் படங்கள் முழுதும் அந்தப் பழைய டிஸ்க்கில். இனிஷியலைஸ் செய்தால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் அழியாது, எது எங்கே என்று சொல்லும் அட்டவணைதான் போகும், அது எனக்கே அன்றைக்குப் பாதிதான் தெரியும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். விஷயம் தெரியாத அந்த வீட்டு ஆச்சி, வேலை பார்க்கிற பிள்ளை என்று வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொடுத்தனுப்பினார்கள், ஒன்றுகூடத் தொண்டையில் இறங்கவில்லை. பார்ட்டிஷன் திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு புது டிஸ்க் மாட்டும்போது பழையதன் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இனிஷியலைஸ் ஆனதும் கீழே கறுப்புப் பட்டையாக 'அன்அலகேட்டட்', அதாவது இன்னும் பிரிக்காத இடம், என்று நிற்கும். அதில் வலது கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். எழுத்து கேட்கும்போது டி, இ இரண்டையும் பழையதற்கு விட்டுவிட்டு ஜி, ஹெச் என்று தள்ளிக் கொடுங்கள். பழைய டிஸ்க் எழுத்து மாறி வந்திருந்தால் 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' வழியாகப் பழைய எழுத்தையே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டேலி, ஷார்ட்கட், எல்லாம் பழைய முகவரியிலேயே போய்த் தட்டிக்கொண்டிருக்கும். பழைய டிஸ்க்கில் நீலப் பட்டை இருந்து எழுத்து மட்டும் இல்லாமல் இருப்பதும் அடிக்கடி நடப்பது, அதற்கும் இதே மருந்து. ஆனால் பழைய டிரைவில் 'ரா' (உள்ளே இருப்பதை விண்டோஸால் படிக்க முடியவில்லை) என்று காட்டி, ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இ திரும்பி வந்த அன்றைக்கே பேரேடுகளைப் புது டிஸ்க்குக்கு ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி, அந்தப் பென் டிரைவ் வேறு ஊரில் இருக்கும் பங்காளி வீட்டில். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் பர்மாவிலிருந்து நடந்தே வந்தன. அந்தக் காலத்துக் கணக்கு ஒரு ஓகே பட்டனில் போகக் கூடாது.

கேள்வி: 4 டி.பி. ஹார்டு டிஸ்க் மாட்டினேன். 2048 ஜி.பி.தான் டிரைவாக வந்தது. மீதி 1678 ஜி.பி. கறுப்புப் பட்டையாக நிற்கிறது, வலது கிளிக் செய்தால் எல்லாம் மங்கலாக இருக்கிறது. இரண்டையும் கூட்டினாலும் 4000 வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஏமாற்றவில்லை, ஆச்சி. கம்பெனிக்காரர் 4 டி.பி. என்றால் 4 லட்சம் கோடி பைட். அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. அதனால் 3726 என்று காட்டுகிறது. 1 டி.பி. 931 ஆவதும் இதே கணக்குதான்.

மங்கலாக இருப்பதற்குக் காரணம், இனிஷியலைஸ் செய்யும்போது எம்.பி.ஆர். என்று தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். அது பழைய காலத்து முறை, 2 டி.பி.க்கு மேல் எண்ணத் தெரியாது. ஜி.பி.டி.க்கு மாற்ற வேண்டும், ஆனால் விண்டோஸின் இந்தத் திரையில் டிஸ்க் காலியாக இருந்தால்தான் மாற்ற விடும். ஏற்கெனவே ஏதாவது காப்பி செய்திருந்தால் வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு, வால்யூமை டெலீட் செய்து, இடது ஓரத்தில் 'டிஸ்க் 1' என்று எழுதியிருக்கும் சாம்பல் கட்டத்தில் வலது கிளிக் செய்யுங்கள். 'கன்வர்ட் டு ஜி.பி.டி.' அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பட்டையில் கிளிக் செய்தால் வராது. டிஸ்க் எண்ணை இரண்டு தடவை பார்த்துக்கொண்டு கை வையுங்கள்.

கேள்வி: பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் குளோன் செய்தேன். இரண்டும் மாட்டினால் ஒன்று 'ஆஃப்லைன்' என்கிறது. கூடவே பழையதில் டக் டக் என்று சத்தம் வருகிறது.
- ஒரு வாசகர், புதுவயல்

பதில்: குளோன் செய்தால் டிஸ்க்கின் அடையாள எண்ணும் சேர்ந்தே போகும். ஒரே எண்ணில் இரண்டைப் பார்த்த விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறது. சாம்பல் கட்டத்தில் வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுத்தால் அதற்குப் புது எண் போட்டுச் சேர்த்துக்கொள்ளும்.

ஆனால் உங்கள் கேள்வியில் முக்கியமானது கடைசி வரி. டக் டக் சத்தம் என்றால் உள்ளே தகவலைப் படிக்கும் ஹெட் தடுமாறுகிறது, ஆன்லைன், ஆஃப்லைன் எதையும் தொடாதீர்கள். பழையதைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, புதியதை மட்டும் வைத்து பூட் செய்து, ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றும் இல்லாமலும் இருக்கும். ஏதாவது குறைந்தால் அந்தப் பழையதை டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் நேராகக் கொடுங்கள். அதுவரை அதற்குக் கரண்ட் காட்ட வேண்டாம்.