எடின்பரோ தேவாலயத்தில் திருமணம்: முகவர் சொல்வதும் சட்டம் சொல்வதும்

கேள்வி: என் மகன் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பணிபுரிகிறான், அடுத்த மாதத்துடன் அவன் அங்கு குடியேறி 2 ஆண்டுகள் நிறைகின்றன. திருநெல்வேலியில் வசிக்கும் பெண்ணுடன் அவனுக்குச் செயின்ட் ஜைல்ஸ் பேராலயத்தில் திருமணம் நடத்த விரும்புகிறோம். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையினர். பேராயரின் அனுமதியைத் தாமே வாங்கித் தருவதாகவும், பெண்ணுக்குச் சுற்றுலா விசா போதும் என்றும் கூறி ஒரு முகவர் முன்பணம் கேட்கிறார். அவர் அனுப்பிய படத்தில், கோட்டைக்கு அருகே கூர்மையான உயர்ந்த கோபுரத்துடன் ஓர் ஆலயம் தெரிகிறது. பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். செயின்ட் ஜைல்ஸ் ஸ்காட்லாந்து திருச்சபையின் ஆலயம். அந்தத் திருச்சபை பிரெஸ்பிட்டேரியன் அமைப்பைச் சேர்ந்தது; அதாவது, போதகர்களும் மூப்பர்களும் அடங்கிய மன்றங்களே அதை நிர்வகிக்கின்றன. அதில் 1690 முதல் பேராயர் என்ற பதவியே இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் பேராயர்கள் இருந்த காலத்தின் எச்சமாகவே செயின்ட் ஜைல்ஸ் இன்றும் பேராலயம் என்று அழைக்கப்படுகிறது. பேராயர் தலைமை வகிக்கும் நம் சி.எஸ்.ஐ. வழக்கத்தை மனதில் வைத்துப் பெற்றோர் இயல்பாகவே நம்பிவிடக்கூடிய ஒரு பொய்யை அந்த முகவர் விற்கிறார். இசைவு தர வேண்டியவர் அந்த ஆலயத்தின் ஆயர், அதாவது அந்தச் சபையின் போதகர். ஆலய அலுவலகத்துக்கு உங்கள் மகனே நேரில் சென்று கேட்கலாம். படத்தையும் கவனியுங்கள்: செயின்ட் ஜைல்ஸின் கோபுரம் கிரீட வடிவிலானது. கோட்டைக்கு அருகில் உள்ள கூர்கோபுரக் கட்டடம் ஒரு காலத்தில் திருச்சபையின் பொதுப்பேரவை கூடிய இடம். இப்போது அது ‘தி ஹப்’ என்னும் விழா அரங்கம், அங்கே சபை எதுவும் இல்லை.

ஸ்காட்லாந்துச் சட்டம் கட்டடத்தைப் பார்ப்பதில்லை, திருமணத்தை நடத்துபவரைத்தான் பார்க்கிறது. சபை உறுப்பினர் சான்றும் அது கேட்பதில்லை. கேட்பது எம்10 என்னும் அறிவிப்புப் படிவம். மணமக்கள் இருவரும் தனித்தனியாக, திருமணத்துக்கு முந்தைய 3 மாதங்களுக்குள், மிகத் தாமதமானாலும் 29 நாட்களுக்கு முன்பாக, அங்குள்ள பதிவாளரிடம் அதைச் சேர்ப்பிக்க வேண்டும். 10 முதல் 12 வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

உங்கள் மகனின் நிலையில் ஒரு விலக்கு உண்டு. அதை நிதானமாகப் படியுங்கள். இந்தியாவை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவர், திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்றிதழைத் தம் நாட்டிலிருந்து பெற்றுத் தர வேண்டும். ஆனால் பிரிட்டனில் 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து வசித்தவருக்கு அது தேவையில்லை. அந்த 2 ஆண்டுகள் திருமண நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. படிவத்தைச் சேர்ப்பிக்கும் நாளிலிருந்தே பின்னோக்கி எண்ணப்படும். ஆகவே உங்கள் மகன் இந்த மாதமே படிவம் கொடுத்தால் சான்றிதழ் கேட்கப்படும். 2 ஆண்டுகள் நிறைந்த பிறகு கொடுத்தால் கேட்கப்படாது. பெண்ணுக்கு இந்த விலக்கு கிடையாது, மகனின் விலக்கு அவருக்குப் பொருந்தவும் பொருந்தாது.

சுற்றுலா விசா குறித்து முகவர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சாதாரணப் பார்வையாளர் விசாவில் வந்து பிரிட்டனில் திருமணம் செய்ய முடியாது; அதற்கென்று திருமணப் பார்வையாளர் விசா தனியாக உள்ளது. அந்த விசாவில் வருபவர் திருமணத்துக்குப் பின் அங்கேயே தங்கி மனைவிக்கான விசாவாக அதை மாற்றிக்கொள்ளவும் இயலாது. விசாவுக்கு ஓர் அலுவலகம், அறிவிப்புக்குப் பதிவாளர், சடங்குக்கு ஆயர் என்று மூன்று வாசல்களில் குடும்பங்களை அலையவிட்டு, எதை முதலில் செய்வது என்பதை ஒரே தாளில் எழுதித் தர எவருக்கும் மனமில்லாததால்தான் இந்த முகவர்கள் பிழைக்கிறார்கள்.

செயின்ட் ஜைல்ஸ் கிடைக்காமல் வேறு ஆலயத்தைத் தேர்ந்தெடுத்தால், திருமண நாள்வரை அது திறந்திருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். திருச்சபை சபைகளை இணைத்துக் கட்டடங்களை விற்றுவருகிறது. பல ஆலயங்களின் உரிமை உள்ளூர்ச் சபையிடம் இல்லாமல் திருச்சபையின் தேசியப் பொது அறங்காவலர்களிடம் இருக்கிறது. இடம் மாறினால் உடனே பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏனெனில் அவர் தரும் திருமண அட்டவணைப் பத்திரத்தில் இடமும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பத்திரம் கையில் இல்லாமல் ஆயர் சடங்கை நடத்த முடியாது. சடங்கு முடிந்ததும் மணமக்களும் ஆயரும் இரு சாட்சிகளும் அதில் கையெழுத்திட்டு, 3 நாட்களுக்குள் பதிவாளரிடம் திருப்பித் தர வேண்டும். சட்டப்படி செல்லும் திருமணச் சான்றிதழ் அதன் பிறகே கிடைக்கும்.