அப்பாவும் மகளும் ரேஞ்சுக்குப் போகட்டும்

உச்சிப்புளியிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டுக்காரர் ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்து இப்போது வங்கியில் காவலர் வேலை பார்க்கிறார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஏர் ரைஃபிள் சுடப் போகிறார். ஒன்பதாவது படிக்கும் மகள் இப்போது, “கணக்கு டியூஷன் வேண்டாம், ஷூட்டிங்கில் போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும்” என்கிறாள். அவரும் ஆமாம் போடுகிறார். “பொம்பளைப் பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு இவர் பாட்டுக்கு நிற்கிறார், நான் என்ன செய்ய?” என்று முடித்திருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு பயம் இருக்கிறது. ஒன்று துப்பாக்கி, இன்னொன்று டியூஷன். டியூஷன் பயத்தில் நான் உங்கள் பக்கம். துப்பாக்கி பயத்தில் பாதிதான்.

பத்து மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிள் சுடுவது 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, காற்றழுத்தத்தில் போவது. அந்த அளவைத் தாண்டாமல், 20 ஜூல் சக்திக்குள் இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்காக அது பொம்மை இல்லை, கண்ணில் பட்டால் கண் போய்விடும். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், குழல் எப்போதும் டார்கெட் பக்கம்தான் இருக்க வேண்டும். சுடும் நேரம் வரை விரல் டிரிகருக்கு வெளியே. சுட்டு முடித்துக் கீழே வைத்தால், உள்ளே குண்டு இல்லை என்று காட்டக் குழலுக்குள் பாதுகாப்புக் கயிறு. இது மூன்றும் உங்கள் வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் ஊறியிருக்கும். அவரிடம் நீங்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது வேறு. வங்கி வேலைக்கு அவர் வைத்திருக்கும் டபுள் பேரல் துப்பாக்கி எங்கே பூட்டப்பட்டிருக்கிறது, சாவி யாரிடம்? அதற்கும் இந்த விளையாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது சின்னவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, ஆறாவது படிக்கிற பையனுக்கு ஏர் ரைஃபிளைப் பார்த்ததும் கொக்கு ஞாபகம் வரும். நம் பக்கம் தேர்தங்கல், சக்கரக்கோட்டை, சித்திரங்குடி என்று பறவைகள் சரணாலயம் நிறைய. ஒரு பறவை விழுந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். முதல் நாளே சொல்லிவிடச் சொல்லுங்கள். அப்புறம், குண்டு ஈயம். ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் ஒரு முறுக்கைக்கூடத் தொட விடாதீர்கள்.

சரி, வேலை விஷயத்துக்கு வருவோம்.

மகள் பத்துக் குண்டில் நூற்றுக்கு 88 எடுத்த டார்கெட் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிற பிள்ளைக்கு நல்ல அட்டை. அந்த அட்டையில் கறுப்பும் வெள்ளையுமாக எல்லா வளையங்களும் சேர்ந்தே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவில் இருக்கும் பத்து, அரை மில்லிமீட்டர் புள்ளி. பேனா முனையால் ஒரு புள்ளி வைத்தால் அவ்வளவுதான். பெரிய போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு. அங்கே பத்தையும் தசமமாகப் பிரித்து எண்ணுவார்கள், அதனால் ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 630.7 எடுத்தார். ஒவ்வொரு குண்டும் சராசரியாக 10.5-க்கு மேல். அப்படியும் பத்தாவது இடம். இறுதிச்சுற்றுக்கு எட்டுப் பேரைத்தான் எடுப்பார்கள். மகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவளைச் சோர்வடையச் செய்ய இல்லை, தூரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள.

ஸ்போர்ட்ஸ் கோட்டா பொய்யில்லை. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, பொறியியல் கலந்தாய்வில் 500 இடம் இருக்கிறது. பாரிஸில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஆனால் கோட்டாவுக்குள் போக, அந்தந்த அறிவிக்கையில் சொன்ன விளையாட்டுப் பட்டியலில் துப்பாக்கி சுடுதல் இருக்க வேண்டும், சொன்ன மட்டத்தில் சான்றிதழ் இருக்க வேண்டும். கிளப்புக்குள் நடத்தும் போட்டியில் வாங்கிய கோப்பை அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் போய் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம், எந்தப் போட்டிச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்று ஒருமுறை கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.

அதைவிடப் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேர்த்துவிடுங்கள். அங்கே .22 ரைஃபிளில் ஃபயரிங் கற்றுக்கொடுப்பார்கள். கல்லூரியிலும் தொடர்ந்து ‘சி’ சான்றிதழ் வாங்கினால், பட்டம் முடித்ததும் எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரி நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தனி வழி உண்டு, பெண்களுக்கும்தான். உங்கள் ஊரிலேயே கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, தினமும் தலைக்கு மேல் பறக்கிறார்கள். கடற்படை மாலுமி வேலைக்கான அக்னிவீர் எஸ்.எஸ்.ஆர். தேர்வைப் பெண்களும் எழுதலாம். பிளஸ் டூ வழியாகப் போக வேண்டுமானால் கணக்கும் இயற்பியலும் வேண்டும். மகள் எந்த வேலையை மனதில் வைத்து டியூஷனை விடுகிறேன் என்கிறாளோ, அந்த வேலையே டியூஷன் வழியாகத்தான் வருகிறது.

இனி நான் உண்மையிலேயே சொல்ல நினைப்பது. இது உங்கள் வீட்டுக்காரருக்கு.

சில வருடம் முன்பு ஒரு தகப்பனார் மகனோடு வந்தார். பையன் நன்றாகச் சுடுவான். அவர் ஒவ்வொரு ஞாயிறும் இரவுச் சாப்பாட்டில் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, “ஏழாவது குண்டு ஏன் எட்டுக்குப் போச்சு?” என்று ஆரம்பிப்பார். ஆறு மாதத்தில் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வயிற்றுவலி வரத் தொடங்கியது. ரைஃபிளை விற்றார்கள். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ள இருந்த ஒரே விஷயமும் அதோடு போனது.

நின்று சுடும்போது இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திப் பார்ப்பார்கள். ஏழெட்டு விநாடிக்குள் குறி நிலைக்கவில்லை என்றால், சுடாமல் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் கஷ்டம். தூக்கியாயிற்று, சுட்டுவிடலாம் என்று தோன்றும். மகள் எத்தனை முறை சுடாமல் இறக்கினாள் என்று அவர் எண்ணட்டும், அதைப் பாராட்டட்டும். ஸ்கோரை அவளே நோட்டில் எழுதிக்கொள்வாள். வீட்டில் பயிற்சி என்றால் குண்டே இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பத்து நிமிடம் தூக்கி நிற்பது போதும். மொட்டைமாடியில் குண்டு போட்டுச் சுடுவது வேண்டாம். கச்சான் காற்றுக் காலத்தில் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும், கோட்டும் கால்சட்டையும் தனி. இப்போது எதுவும் வாங்காதீர்கள், கிளப் ரைஃபிளே போதும். குண்டு 500 உள்ள ஒரு டப்பா, 60 குண்டு வீதம் எட்டு ஞாயிறு வரும். ஏற்கெனவே சொந்தமாக ஒன்று வைத்திருந்தால், உப்புக்காற்றில் துரு பிடிக்காமல் எண்ணெய்த் துணியால் துடைக்கிற வேலையை மகனிடம் கொடுங்கள். அவனுக்கும் ஒரு பங்கு வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும் வரை இப்படியே மாதம் இரண்டு ஞாயிறு, டியூஷனும் உண்டு. அதற்குள் மாநிலப் போட்டியில் ஒருமுறையாவது சுடட்டும். அந்த ஸ்கோரை வைத்து மறுபடி பேசலாம்.

அதற்கு முன் ஒரு ஞாயிறு நீங்களும் ரேஞ்சுக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த மாதம் மகளை என்னிடம் கூட்டி வாருங்கள். வீட்டுக்காரரும் வரட்டும், ஆனால் நான் பிள்ளையிடம் பேசுகிற அரை மணி நேரம் அவரை எதிர் டீக்கடையில் உட்காரச் சொல்லுங்கள்.