‘கிடைக்கலன்னா பணம் வாபஸ்’ என்கிறார் கடைக்காரர்: கொடுக்கலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். மகள் அரசுப் பள்ளியில் 8-ஆம் வகுப்பு. சென்னையில் ஓர் அருங்காட்சியகம் மே மாதம் மாணவர்களுக்கு 3 நாள் அறிவியல் பயிலரங்கு நடத்துகிறது. பழைய சிலைகள், காசுகளை ரசாயன முறையில் எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுப்பார்களாம். ஆன்லைன் விண்ணப்பம் மட்டும்தான். கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் 200 ரூபாய் கொடுத்துப் போட்டோம். ஈமெயில், செல் நம்பர் இரண்டும் கடைக்காரருடையதையே கொடுத்துவிட்டார். கையில் ஒரு தாளும் தரவில்லை. ‘சர்நேம்’ என்ற இடத்தில் என்ன போட்டார் என்றும் தெரியவில்லை. இப்போது, ‘பெண்டிங்கில் இருக்கு, 1,500 கொடுத்தா சீட் கன்ஃபார்ம், கிடைக்கலன்னா பணம் வாபஸ்’ என்கிறார். கடைசித் தேதிக்கு 9 நாள் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட.

‘கிடைக்கலன்னா வாபஸ்’ என்ற பேச்சுதான் உங்களை யோசிக்க வைத்திருக்கிறது. நியாயமான மனுஷன்போல்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பேரிடம் ஆளுக்கு 1,500 வாங்குகிறார். யாரிடமும் பேசுவதில்லை, எங்கும் போவதில்லை, கடையிலேயே உட்கார்ந்து டீ குடிக்கிறார். அந்தப் 10 பிள்ளைகளில் 3 பேருக்கு அவரவர் தகுதியில் இடம் கிடைக்கிறது என்று வையுங்கள். மீதி 7 வீட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ‘நாணயமான ஆளுப்பா’ என்று பெயரும் எடுத்துக்கொள்கிறார். கையில் 4,500 நிற்கிறது. வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளைதான் என்று எல்லார் வீட்டிலும் சொல்லிவிட்டு, பலித்த வீட்டில் மட்டும் போய் வேட்டி துண்டு வாங்கிக்கொள்ளும் ஜோசியர் கதைதான் இது.

நெல் போடுகிற குடும்பமாக இருந்தால், கொள்முதல் நிலையத்து வாசலில் ‘உங்க மூட்டையை முன்னாடி நகர்த்தித் தர்றேன்’ என்று ஓர் ஆள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவராவது மூட்டையை நிஜமாகவே நகர்த்துவார். இவரிடம் நகர்த்துவதற்கு எதுவுமே இல்லை.

‘பெண்டிங்’ என்பதும் சும்மா ஒரு சொல். இந்த மாதிரிப் பயிலரங்குக்குப் பெரும்பாலும் ஒரு சாதாரண கூகுள் படிவத்தைத்தான் வைக்கிறார்கள். நிரப்பி அனுப்பினால் ‘உங்கள் பதில் பதிவாகிவிட்டது’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். பாஸ்போர்ட் விண்ணப்பம்போல இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்கிற வழி அதில் கிடையாது. கடைசித் தேதி முடிந்ததும் அருங்காட்சியகத்தில் ஒருவர் எல்லாப் பெயரையும் பட்டியலாக இறக்கி, வகுப்பு, பள்ளி, ‘ஏன் வர விரும்புகிறாய்’ என்ற பத்தி ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். தேர்வானவர்களுக்கு மெயில் போகும், அல்லது போன் வரும்.

யாருக்குப் போகும்? உங்கள் மகள் விஷயத்தில் கடைக்காரருக்கு! எனக்குக் கவலை தருவது அந்த 1,500 ரூபாய்கூட இல்லை, இதுதான். இடம் கிடைத்த செய்தி உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். ‘பேசி முடிச்சிட்டேன், பணத்தை எடுத்துட்டு வாங்க’ என்று அவர் சொல்லலாம். நீங்கள் பணம் தரவில்லை என்றால் அந்த மெயிலைத் திறக்காமலே விட்டுவிடலாம். இரண்டு நாளில் ‘வருகிறேன்’ என்று பதில் போடாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அவர் முதலீடு செய்தது ஒன்றே ஒன்று, தன் போன் நம்பரை.

ஆகவே நாளைக்கே கடைக்குப் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. சண்டை வேண்டாம். ‘அப்ளிகேஷன் காப்பி ஸ்கூல்ல கேக்குறாங்க’ என்று சொல்லுங்கள், அது பொய்யாக இருந்தாலும் பாவமில்லை. அவருடைய ஈமெயிலைத் திறந்து அருங்காட்சியகத்தின் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். படிவம் வைத்தவர்கள் நகல் அனுப்பும் வசதியைப் போட்டிருந்தால், நிரப்பியது அத்தனையும் அதில் இருக்கும். சில சமயம் ‘பதிலைத் திருத்து’ என்ற பொத்தானும் இருக்கும். இருந்தால் அங்கேயே நம்பரையும் ஈமெயிலையும் உங்களுடையதாக மாற்றிவிடலாம். திரையை உங்கள் செல்லில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நகல் இல்லை என்கிறாரா, கையை விரிக்கிறாரா? விட்டுவிட்டு வந்து மறுபடி புதிதாகப் போடுங்கள். 9 நாள் தாராளம். இணைப்பை வாட்ஸப்பில் வந்ததிலிருந்து எடுக்காதீர்கள். அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய் அங்கிருந்து அழுத்துங்கள். அரசு நிறுவனம் என்றால் தள முகவரி பெரும்பாலும் ‘டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். அந்த வால் அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும், கடைத்தெருவில் யாரும் வாங்க முடியாது. போட்டோவோ சான்றிதழோ ஏற்றச் சொல்லும் கூகுள் படிவம் என்றால் ஜிமெயிலில் உள்நுழைந்துதான் ஆகவேண்டும். உங்கள் பெயரில் இல்லாவிட்டால் இன்றைக்கே ஒன்று தொடங்குங்கள், உங்கள் சொந்த செல்லில். அனுப்பிய பிறகு அருங்காட்சியகத்துக்கு இப்படி ஒரு மெயில் போடுங்கள், தமிழிலேயே போதும்: ‘என் மகளுக்காக ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் வேறொருவரின் எண்ணோடு வந்திருக்கும். அதைத் தள்ளிவிட்டு, இன்று இந்த எண்ணிலிருந்து அனுப்பியதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.’ பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு, உங்கள் நம்பர். வேறு புராணம் வேண்டாம்.

இனி அந்த ‘சர்நேம்’. இதை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் ஒரு வாரம் தஞ்சாவூர் ஜில்லாவில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது. கடைக்காரர்கள் அவசரத்துக்கு ஒரு புள்ளி வைப்பார்கள், அல்லது ‘என்ஏ’ என்று அடிப்பார்கள். கடைசியில் சான்றிதழில் ‘கயல்விழி என்ஏ’ என்று அச்சாகி வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்படிப் போடுங்கள்: முதல் பெயரில் பிள்ளையின் பெயர் மட்டும். சர்நேமில் இனிஷியல். ஒற்றை எழுத்தை ஏற்காவிட்டால் அப்பாவின் முழுப் பெயர். சாதிப் பெயரை அங்கே தேடிப் பிடித்துப் போடவேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகள் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால், பள்ளியில் வாங்கும் போனஃபைட் சான்றிதழை இணைத்துவிடுங்கள். பள்ளியின் ‘யுடைஸ்’ எண் கேட்டால் தலைமையாசிரியரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33-இல் தொடங்கும் 11 இலக்க எண் அது. பிள்ளையின் எமிஸ் எண் வேறு, இது வேறு. இரண்டையும் மாற்றிப் போட்டவர்கள் ஏராளம்.

‘ஏன் வர விரும்புகிறாய்’ பத்திக்குக் கடைக்காரர்கள் ஒரே வாக்கியத்தை வெட்டி ஒட்டுகிறார்கள்: ‘எனக்கு அறிவியலில் ஆர்வம் அதிகம், வருங்காலத்தில் விஞ்ஞானி ஆவேன்.’ 40 விண்ணப்பத்தில் இதே வரி இருந்தால் படிக்கிறவருக்குத் தூக்கம் வராதா? உங்கள் பக்கம் கடலுக்குக் கிட்டே. போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரை வெண்கலக் குடத்தில் பிடித்து வைத்துப் பாருங்கள், கழுத்து வளைவில் பச்சையாகப் பொடி பூக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் நாலு நாளில் திரும்ப வரும். அருங்காட்சியகத்துக்காரர்கள் ‘வெண்கல நோய்’ என்று சொல்வது இதற்கு அண்ணன். உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, காற்றின் ஈரம் பட்டதும் உலோகத்தை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ரசாயனப் பாதுகாப்புக் கூடம் 1930-லிருந்து இருக்கிறது. நம் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் அந்த அருங்காட்சியகத்தில்தான் நிற்கிறார். உங்கள் மகள் வீட்டில் இப்படி ஒரு குடமோ குத்துவிளக்கோ பார்த்திருந்தால் அதை மட்டும் எழுதட்டும், தமிழில் ஐந்து வரி. ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால் பள்ளி ஆங்கில ஆசிரியை மாற்றித் தரட்டும். பார்க்காததை எழுத வேண்டாம், அங்கே போனதும் கேட்பார்கள்.

ஈமெயிலும் நம்பரும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்றேன். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே சறுக்கியிருக்கிறேன். சில பயிலரங்குகளுக்குப் பிள்ளைகள் நேராக விண்ணப்பிக்க முடியாது, பள்ளி பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். அறிவிப்பில் ‘தலைமையாசிரியர் வழியாக’ என்று இருக்கும். அப்போது பள்ளி ஈமெயிலைத்தான் கொடுக்க வேண்டும், உங்களுடையதைக் கொடுத்தால் தள்ளிவிடுவார்கள். இங்கேதான் சிக்கல். பள்ளி ஈமெயிலை யார் பார்ப்பது? இலாகாவிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை சுற்றறிக்கை வருகிறது என்று ஆசிரியர்களைக் கேளுங்கள், அழுவார்கள். நான் இயற்பியல் ஆசிரியராக இருந்தபோது ஒரு வருடம் 4 பிள்ளைகளுக்குப் பள்ளி ஈமெயிலில் போட்டேன். அனுப்பிய சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். தேர்வான கடிதம் ஸ்பாம் பெட்டியில் போய் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தபோது பயிலரங்கு முடிந்து 2 நாள். பிள்ளைகளிடம் சொல்லக்கூட இல்லை, சொல்ல வாய் வரவில்லை. ஆகவே பள்ளி வழியாக என்றால், ஈமெயில் பள்ளியுடையது, செல் நம்பர் உங்களுடையது. படிவத்தில் ஒரே நம்பருக்குத்தான் இடம் என்றால் ஆசிரியர் நம்பரைப் போட்டுவிட்டு, அவரிடம் நாள் தவறாமல் கேளுங்கள். ஸ்பாம் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உங்கள் மகளுக்கான அறிவிப்பில் ‘தலைமையாசிரியர் வழியாக’ என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

கட்டணம் உண்டென்றால் அறிவிப்பிலேயே தொகை இருக்கும், அருங்காட்சியகத்தின் கணக்குக்கே போகும். தனி ஆளின் ஜிபே நம்பருக்குப் போகாது. ‘பணத்தைத் திருப்பி அனுப்புறேன், பின் நம்பரைப் போடுங்க’ என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏற்கெனவே போன் வழியாகப் பணம் போய்விட்டதென்றால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

மகளின் ஆதார் நகலைக் கடைக் கணினியில் ஏற்றியிருப்பாரே, அதை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரையே கொடுங்கள், ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

பயிலரங்கு என்றால் தங்க இடமும் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அறிவிப்பில் எழுதியிருந்தால்தான் உண்டு. இல்லையென்றால் காலையில் போய் மாலையில் திரும்புகிற ஏற்பாடுதான், 3 நாளும் சென்னையில் யார் வீட்டில் தங்குவது என்று இப்போதே பேசி வையுங்கள். மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடுவதால் மே மாத டிக்கெட் வேகமாகப் போய்விடும். தேர்வுக் கடிதம் வருவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை எப்போது என்று தெரிந்தவர்களுக்கு ரயில் எப்போது நிரம்பும் என்று தெரியாதா? ஒரு மாதம் முன்னால் முடிவைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? போகட்டும். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள், இடம் கிடைக்காவிட்டால் ரத்து செய்வதில் போகும் பணம் 1,500 ஆகாது.

ஒருவேளை இந்த முறை கிடைக்காவிட்டால், திருச்சியில் புதுக்கோட்டைச் சாலையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அண்ணா அறிவியல் மையம், கோளரங்கம் இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. அதற்கு எந்தப் படிவமும் வேண்டாம், வாசலில் டிக்கெட் வாங்கினால் போதும்.

மெயில் போட்ட மறுநாள் அருங்காட்சியகத்துக்குப் போன் செய்யுங்கள். இணையதளத்தில் இருக்கும் லேண்ட்லைன் எண்ணுக்கு, காலை 11 மணிக்கு மேல். ‘கல்விப் பிரிவு’ அல்லது ‘காப்பாட்சியர்’ என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், எழும்பூர் மாதிரிச் சில இடங்களுக்கு அன்றைக்குத்தான் வார விடுமுறை.