கேள்வி-பதில்: ஷார்ட்கட் வேலை செய்யவில்லை, புது டெர்மினல் வாங்கலாமா?

கேள்வி: நான்கு லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுக்க ஒரே இலவச டெர்மினல் மென்பொருள்தான். இரண்டு சர்வர்களில் கண்ட்ரோலுடன் இடது அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் ஒரு சொல் பின்னால் போகிறது. மூன்றாவதில் ;5டி என்று எழுத்து விழுகிறது. நான்காவதில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அழிவதற்குப் பதில் ^? என்று வருகிறது. கட்டணம் கட்டி வாங்கும் மென்பொருளுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: இதற்காக வாங்காதீர்கள். ஒரே மென்பொருள் இரண்டு சர்வர்களில் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோளாறு சர்வர் பக்கம். புதிதாக வாங்கும் மென்பொருளும் பெரும்பாலும் இதே குறியீட்டைத்தான் அனுப்பும், அதே ;5டி மறுபடியும் வந்து நிற்கும்.

நீங்கள் அழுத்தும் விசை அப்படியே சர்வருக்குப் போவதில்லை. டெர்மினல் அதைச் சில எழுத்துகளாக மாற்றி அனுப்புகிறது. அதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது அங்குள்ள ஷெல், அதாவது நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல். கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. சர்வரில் கேட் என்ற கட்டளையை மட்டும் கொடுத்து என்டர் தட்டுங்கள். பிறகு கண்ட்ரோலையும் இடது அம்பையும் சேர்த்து அழுத்துங்கள். ^[[1;5டி என்று தெரியும். முதலில் உள்ள ^[ தான் எஸ்கேப். வெளியே வர கண்ட்ரோல்+சி. ஒரே இணைப்பில் பல திரைகளைத் தரும் டிமக்ஸ், ஸ்கிரீன் போன்ற நிரல் எதுவும் நடுவில் இல்லாமல் சோதியுங்கள், அவையும் விசைகளை மாற்றக்கூடும். நான்கு சர்வர்களிலும் ஒரே வரிதான் வரும். மூன்றாவது சர்வரின் பாஷ் ஷெல்லுக்கு அந்த வரியின் பொருள் தெரியவில்லை. முன்பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் துப்புகிறது, அவ்வளவுதான்.

சரிசெய்ய, அந்தச் சர்வரில் உங்கள் ஹோம் அடைவில் .இன்புட்ஆர்சி என்ற கோப்பு வேண்டும். கேட் காட்டிய வரியை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். எஸ்கேப் வரும் இடத்தில் மட்டும் பின்சாய்கோடும் ஆங்கிலச் சின்ன இ எழுத்தும். பிறகு முக்காற்புள்ளி வைத்து பேக்வர்ட்-வேர்ட் என்ற பெயரைக் கொடுங்கள். வலது அம்புக்கு இதேபோல ஃபார்வர்ட்-வேர்ட். இங்கே பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்: உங்களுக்கென்று இந்தக் கோப்பு வந்ததும், சர்வருக்குப் பொதுவான இன்புட்ஆர்சி கோப்பை பாஷ் படிக்காது. அதுவரை வேலை செய்துகொண்டிருந்த ஹோம், எண்டு விசைகள் திடீரென்று செத்துப்போகலாம். அதனால் முதல் வரியிலேயே, டாலர் குறியுடன் இன்க்ளூட் என்று போட்டு ஈடிசி அடைவில் இருக்கும் பொதுக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். சேமித்தபின் கண்ட்ரோல்+எக்ஸ், கண்ட்ரோல்+ஆர் அழுத்தினால் போதும், மறுபடி லாகின் செய்ய வேண்டாம். அங்கே பாஷுக்குப் பதில் இசட் ஷெல் என்ற வேறொரு ஷெல் ஓடுகிறது என்றால் இந்தக் கோப்பால் பயனில்லை. அதற்கு அதன் சொந்த அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

நான்காவது சர்வர் விஷயம் சின்னது. உங்கள் டெர்மினல் பேக்ஸ்பேஸுக்கு 127 என்ற எண்ணை அனுப்புகிறது, அந்தச் சர்வர் 8-ஐ எதிர்பார்க்கிறது. பாஷ் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். எளிய ஷெல்கள் ஒன்றைத்தான் ஏற்கும். டெர்மினல் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில் இரேஸ் என்பதற்கு ^? என்று மேற்கோளுக்குள் கொடுத்து, அதை லாகின் செய்யும்போது ஓடும் கோப்பில் போட்டுவையுங்கள்.

வேறு காரணங்களுக்காக வாங்குவதாக இருந்தால், ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக பேக்ஸ்பேஸ், ஹோம்-எண்டு முறை, டெர்மினல் வகைப் பெயர் ஆகியவற்றைச் சேமிக்க முடிகிறதா என்று சோதனைக் காலத்திலேயே பாருங்கள். புட்டி என்ற இலவச டெர்மினலிலேயே இந்த மூன்றும் இருக்கின்றன. டெர்மினல் தன்னை என்ன பெயரில் அறிமுகப்படுத்திக்கொள்கிறது என்பதும் முக்கியம். கிட்டி என்ற டெர்மினல் எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று சொல்லும். அந்தப் பெயருக்கான விவரம் இல்லாத பழைய சர்வரில், நன்றாக ஓடிய விசைகளும் குழம்பும். உங்களுடைய மிகப் பழைய சர்வரில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: பணம் கட்டி வாங்கிய டெர்மினல், கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் உறைந்துவிடுகிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு முன் கண்ட்ரோல்+க்யூ அழுத்திப் பாருங்கள், திரை மீண்டும் ஓடும். கண்ட்ரோல்+எஸ் என்பது திரைக்கு வருவதை நிறுத்திவைக்கச் சொல்லும் பழைய சைகை. இலவச டெர்மினல்களிலும் இதுவே நடக்கும். வேண்டாமென்றால் சர்வரில் எஸ்டிடிஒய் கட்டளைக்கு -இக்ஸான் என்று கொடுத்து நிறுத்திவிடலாம். க்யூ அழுத்தியும் அசையவில்லை, ஒரு சர்வரில் மட்டுமல்லாமல் எல்லாவற்றிலும் அப்படியே என்றால், அப்புறம் விற்றவரிடம் போங்கள். எந்தச் சர்வரில் எந்த விசைக்கு என்ன ஆயிற்று என்று எழுதி எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.