கோச் சொல்லும் ஜெபம்

கேள்வி: டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். 15 வயது மகன் அரசுப் பள்ளியின் சாக்கர் அணியில் ஆடுகிறான். ஒவ்வொரு மேட்சுக்கு முன்பும் கோச் பையன்களை வட்டமாக மண்டியிட வைத்து, இயேசுவின் பெயரால் ஜெபம் சொல்கிறார். "எல்லாச் சாமியும் ஒண்ணுதானே, கும்பிட்டுட்டுப் போகட்டும்" என்கிறார் கணவர். மகனோ, "நான் மட்டும் தள்ளி நின்னா பெஞ்சுல உட்கார வெச்சிடுவாரும்மா" என்கிறான். புகார் சொன்னால் அவனுக்குக் கெடுதல் வருமோ? - ஒரு தாய்

பதில்: உங்கள் கணவர் மனதில் தப்பில்லை அம்மா. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நேர்ந்துகொண்டு போகிறவர்கள்தான் நாம். ஆனால் அங்கே நாமாக விரும்பிப் போகிறோம். உங்கள் பையன் மண்டியிடுவது பெஞ்சுக்குப் பயந்து. யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்று முடிவு செய்கிற மனிதரே ஜெபத்தையும் நடத்தினால், 15 வயதுப் பிள்ளை எப்படி 'வேண்டாம் சார்' என்று சொல்வான்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. நியூயார்க் மாநிலக் கல்வி அதிகாரிகள் எந்த மதத்தையும் குறிப்பிடாமல் ஒரு சிறு ஜெபம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். விருப்பமில்லாத பிள்ளைகள் சொல்ல வேண்டாம் என்ற சலுகையும் இருந்தது. அப்படியிருந்தும், ஜெபம் எழுதித் தருவது அரசாங்கத்தின் வேலை இல்லை என்றது தீர்ப்பு. பிறகு 2000-ல், உங்கள் டெக்சாஸின் சான்டா ஃபே ஊரில், ஃபுட்பால் மேட்சுக்கு முன் மாணவர்களே ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்வதும் செல்லாது என்றானது. அந்த வழக்கைப் போட்டவர்கள் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் மார்மன் என்ற, அமெரிக்காவில் தோன்றிய மதப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பமும். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள்தான். ஆகவே கேள்வி கேட்டால் நம்மைச் சாமிக்கு விரோதி என்பார்களோ என்று நீங்கள் கூச வேண்டியதில்லை.

கோச் 2022 தீர்ப்பைக் காட்டலாம். வாஷிங்டன் மாநிலத்தில் மேட்ச் முடிந்ததும் நடு மைதானத்தில் ஜெபம் செய்த பயிற்சியாளருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு அது. ஆனால் நீதிமன்றம் காத்தது, மாணவர்கள் வேறு வேலையில் இருக்கும்போது அவர் தனக்காகச் செய்த ஜெபத்தை. அணியை மண்டியிட வைப்பது வேறு விஷயம்.

முதலில் மகனிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவனுக்குத் தெரியாமல் பள்ளிக்குப் போய் நிற்காதீர்கள். அணியில் அன்றாடம் இருக்கப் போகிறவன் அவன். அவன் சம்மதித்தால், மேட்ச் இல்லாத ஒரு நாளில் கோச்சைத் தனியாகப் பாருங்கள். "உங்கள் பக்தியை மதிக்கிறோம். எங்கள் பையன் அந்த நேரத்தில் ஷூ கட்டிக்கொண்டோ தண்ணீர் குடித்துக்கொண்டோ இருந்தால் அவன் இடத்துக்குப் பாதகம் வராதே?" என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கே இறங்கி வந்துவிடுவார்கள். இல்லையென்றால் பிரின்சிபாலுக்கு ஈமெயில் அனுப்புங்கள். வாய்ப் பேச்சு போதாது. தேதியோடு எழுத்தில் இருக்கட்டும். அதன்பின் பையனைப் பெஞ்சில் உட்கார வைத்தால், அந்த ஈமெயில்தான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

அவன் மேட்சுக்கு முன் முருகனை நினைத்துக் கண்மூடிக்கொள்ள ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யலாம். அதை யாரும் தடுக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் ஜெபத்துக்கும் பைபிள் வாசிப்புக்கும் தனி நேரம் ஒதுக்க உள்ளூர்ப் பள்ளி வாரியங்களை அனுமதிக்கும் சட்டம் 2025-ல் டெக்சாஸில் வந்திருக்கிறது. பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். அந்தப் படிவத்தில், இது குறித்து வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகவும் ஒரு வாசகம் உண்டு. உங்கள் வீட்டுக்கு அது வந்தால், முழுவதும் படிக்காமல் நீங்களோ உங்கள் கணவரோ கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.