சந்தைக்கு முன் ஒரு நல்ல படம்: குதிரைக் கேள்விகளும் பதில்களும்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடும். இப்போதெல்லாம் குதிரைக்கு முன்பே அதன் படம் வந்து சேர்ந்துவிடுகிறது. புகைப்படக்காரரை லாயத்துக்கே வரவழைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மார்வாரி, நுக்ரா இனக் குதிரைகளை வளர்க்கிறேன். கயிறு பிடித்து நின்று நின்று, பாதிப் படங்களில் என் முழங்கையும் விழுந்திருக்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள் இவை.

படம் எடுக்கும் அன்று காலையில் குளிப்பாட்டினால் போதுமா? (கோபி)

முந்தின நாளே குளிப்பாட்டிவிடுங்கள். ஷாம்பு தோலின் இயல்பான எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும். அது மறுபடி ஊற ஒரு நாளாவது வேண்டும். மினுமினுப்பு குளியலில் வருவதும் இல்லை. மூன்று வாரம் தினமும் ரப்பர் சீப்பால் வட்டவட்டமாகத் தேய்த்து, முரட்டுத் தூரிகையால் தூசியைத் தட்டி, மெல்லிய தூரிகையால் மயிர் படிந்த போக்கிலேயே நீவிவிட்டவருக்குத்தான் அது கிடைக்கும். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து நிமிடம் பளபளக்கும், ஆறாவது நிமிடம் புழுதி அப்பிக்கொள்ளும். சேணம் வைத்துப் படம் எடுப்பதானால் முதுகில் எதையும் தடவாதீர்கள், சேணம் வழுக்கும்.

வெள்ளை நுக்ராவின் முழங்காலில் சாணிக்கறை போகவே மாட்டேன் என்கிறது.

வேட்டிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் ஒரு துளி கலந்து அலசுவார்கள். நானும் செய்திருக்கிறேன், ஒருமுறை கை தவறி ஊற்றியதில் என் குதிரை கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு நாள் நின்றது. அதற்குப் பிறகு சோள மாவுதான். கறை பட்ட இடத்தில் ஈரம் காய்ந்ததும் தூவி, உதறித் தேய்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. நுக்ராவின் மூக்கைச் சுற்றி இளஞ்சிவப்புத் தோல்; வெயிலில் எளிதில் பொசுங்கும். ஆகவே கேமரா தயாராகும் வரை நிழலிலேயே வையுங்கள். வெள்ளைக் குதிரையைக் கேமரா தானாகச் சாம்பலாக்கும், கறுப்பைத் தானாக வெளுக்கச் செய்யும். இதைப் புகைப்படக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கல்யாணப் படங்களில் தேர்ந்தவராக இருந்தாலும் குதிரை அவருக்குப் புதிதாக இருக்கலாம்.

எங்கள் மார்வாரி ஒரு படத்தில்கூடக் காதை நிமிர்த்துவதில்லை. (பவானி)

மார்வாரிக்கு அழகே காதுதான். உள்நோக்கி வளைந்து நுனியும் நுனியும் தொட்டுக்கொள்ளும். காது பின்னால் படிந்த படத்தை யாரும் இரண்டாவது முறை பார்க்கமாட்டார்கள். பொதுவாக நடக்கும் தவறு இது: ஐந்து பேர் ஐந்து பக்கம் நின்று விசிலடிப்பார்கள், கை தட்டுவார்கள். குதிரை எங்கே பார்க்கும்? ஒரே ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கட்டும். கையில் நெகிழிப் பை, சாவிக்கொத்து, சின்னக் கண்ணாடி. கைப்பேசியில் வேறொரு குதிரையின் கனைப்பு. குதிரையின் கால்களைச் சரிசெய்து முடிக்கும் வரை இவற்றில் எதையும் வெளியே எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று முறைதான் பலிக்கும். அதன் பின் நாம் ஏய்க்கிறோம் என்று குதிரைக்குத் தெரிந்துவிடும். கனைப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகில் நிற்பவரைக் குதிரையால் பார்க்க முடியாது. பத்தடியாவது தள்ளி நிற்க வேண்டும்.

நான் எடுத்த படத்தில் தலை அண்டா போலவும் உடம்பு ஆட்டுக்குட்டி போலவும் இருக்கிறது.

அருகில் நின்று கைப்பேசியில் எடுத்திருப்பீர்கள். 135 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸ், 10 முதல் 15 மீட்டர் தூரம், கேமரா குதிரையின் வயிற்று உயரத்தில். புகைப்படக்காரர் முட்டி போடத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். கேமராப் பக்கத்து முன்னங்கால் சற்று முன்னால், அதே பக்கத்துப் பின்னங்கால் சற்றுப் பின்னால். அப்போதுதான் நான்கு கால்களும் தெரியும். தரை சமமாகவும் புல் குட்டையாகவும் இருக்க வேண்டும். குளம்பு செதுக்கி லாடம் அடிப்பதை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

துள்ளிக்கொண்டே இருக்கிறது. மயக்க ஊசி போடலாமா?

வேண்டாம். தலை தொங்கும், கீழுதடு தொங்கும், காது சோரும். எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்? அரை மணி நேரம் நடக்கவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். புகைப்படக்காரரின் குடையையும் விளக்குத் தாங்கியையும் இரண்டு நாள் முன்பே லாயத்தருகில் வைத்து முகரவிடுங்கள். தலையை நிமிர்த்த முள் கடிவாளம் போடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் முள் கடிவாளத்தைத் தடை செய்கின்றன. விதி இல்லாவிட்டாலும், வலியில் விரிந்த கண்ணும் திறந்த வாயும் படத்தில் அப்படியே தெரியும்.

ஸ்டுடியோ போலப் பின்னணி கறுப்பாக வர என்ன செலவாகும்?

செலவே இல்லை. லாயத்து வாசலில், நிழல் முடியும் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே குதிரையை நிறுத்துங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து முகத்தில் விழும், பின்னால் இருட்டு. உள்ளே எரியும் பல்பை அணைக்க மறக்காதீர்கள்.

கழுத்தில் ஒரு கெட்ட சுழி. படத்தில் அழித்துவிடச் சொல்லலாமா? (பெயர் வேண்டாம் என்றார்)

வாங்க வருபவர் முதலில் தடவிப் பார்ப்பதே சுழியைத்தான். எனக்குச் சுழியில் நம்பிக்கை இல்லை, ஆனால் அவருக்கு இருக்கிறது. படத்தில் இல்லாத சுழி கையில் தட்டுப்பட்டால், பல்லைப் பிடித்து வயதையும் சந்தேகிப்பார். ஈயையும் கயிற்றையும் அழியுங்கள், குதிரையில் கை வைக்காதீர்கள்.

மகனின் மட்டக்குதிரை படம் எடுக்கும்போதெல்லாம் புல்லில் வாயை வைத்துவிடுகிறது.

முன்கூட்டியே வயிறு நிறையத் தீவனம் போட்டுவிட்டு, ஈரத்துணியால் வாயையும் மூக்குத் துவாரத்தையும் துடைத்து நிறுத்துங்கள். பச்சை எச்சில் முகப்பட்டையில் வழிந்தால் துடைக்க இன்னொரு துணி வேண்டும். அப்படியும் குனிந்தால் தின்னும்போதே இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மகன் அதைத்தான் சுவரில் மாட்டச் சொல்வான்.