அடித்து எழுதிய விலை

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளுக்கு 2,100 ரூபாய்க்குத் துணி எடுத்தோம். 3,000 ஆனால் ஸ்கூட்டர் குலுக்கலுக்குக் கூப்பன் என்றார்கள். 1,800 ரூபாய் சுடிதார் பாதி விலையில் இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். 900 ரூபாய் லாபம்தானே? கூப்பன் ஹராம் என்கிறார் கணவர். வட்டியில்லாத் தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்றும் யோசனை. சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள தங்கைக்கு,

வஅலைக்கும் ஸலாம். தவணை பற்றி இன்னொரு நாள். கூப்பனைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். விலையை ஏற்றாமல், தேவைக்கு வாங்கிய பொருளோடு வந்தால் தவறில்லை என்று சொல்லும் ஆலிம்கள் உண்டு. கூப்பனுக்காகவே வாங்கினால் சூதாட்டத்தில் சேரும் என்பார்கள். நீங்கள் எதற்காக வாங்கினீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

என்னைத் தைத்தது 'லாபம்' என்ற சொல். நோன்பு தொடங்கியதிலிருந்து நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 900 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போயிருக்கிறதம்மா. அந்த 1,800 யாராவது கொடுத்து வாங்கிய விலையா, அடிப்பதற்கென்றே எழுதிய விலையா?

வாப்பா ஜவுளிக் கடை வைத்திருந்தார். ஒரு ரமலானில் பக்கத்துக் கடைகளில் விலையை ஏற்றி எழுதி, அதை அடித்து, பழைய விலையையே தள்ளுபடி விலையாகப் போட்டிருந்தார்கள். நாமும் போடலாமே என்று நான் சிவப்புப் பேனா வாங்கி வந்தேன். வாப்பா அதை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டு ஒரு ஹதீஸைச் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. ஆட்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் என்னைச் சேர்ந்தவர் இல்லை என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. "அடிச்ச விலைங்கிறது மேலே பரப்பி வச்ச காஞ்ச தானியம்டா" என்றார் வாப்பா. அந்தப் பெருநாளுக்கு எங்கள் கடையில் பாதிச் சரக்கு மிஞ்சியது.

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி ஹலால் முத்திரை தேடுகிறோம். போன மாதம் இது என்ன விலை என்று கடைக்காரரிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? நாம் கேட்பதில்லை. அதனால்தான் பேனா எடுத்தவர் கடை நிறைகிறது, எடுக்காதவர் கடையில் சரக்கு மிஞ்சுகிறது.

அப்புறம், தொழுமிடத்துக்கு அலங்காரத்தோடு வரச் சொல்லும் அதே குர்ஆன் வசனம்தான் (7:31) வீண்விரயம் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறது. புதுத்துணி உடுத்துங்கள், ஆசையாக உடுத்துங்கள். ஒன்று போதும்.

கடுமையாகப் பேசிவிட்டேன், வருத்தப்படாதீர்கள். அந்தச் சுடிதாரை இன்னும் பிரிக்கவில்லை என்றால், உங்கள் தெருவில் இந்த வருடம் துணி எடுக்க முடியாத வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். தைக்க நேரம் வேண்டும், இன்றே கொடுங்கள்.